நாற்றிசைக் காற்றும் நுண்துகள் அளவையும்

முன்னுரை

ஆடி மாதத்துக் காலைப் பொழுதுகளில் எங்கள் வீட்டுத் திண்ணையை உம்மா இருமுறை துடைப்பார். துடைத்த துணியை வாளியில் அலசினால் நீர் செந்நிறமாகிவிடும். ஐப்பசி பிறந்து, கடலிலிருந்து காற்றுத் திரும்பிய பின்னர் அதே துணியைக் காயவைத்தால் அதன் மடிப்புகளில் வெண்பொடி பூத்திருக்கும். நாவில் வைத்தால் கரிக்கும். பதநீர் காய்ச்சும் நாள்களில் சன்னற் கம்பிகளைத் துடைத்த துணி கருத்துப் போகும். திருச்செந்தூர்ப் பகுதியில் வளர்ந்தோர்க்கு இம்மூன்று நிறங்களும் புதியன அல்ல. செம்மை தேரியினுடையது, வெண்மை கடலினுடையது, கருமை அடுப்பினுடையது.

முதுமையில் உம்மாவுக்கு இரைப்பு நோய் கண்டது. மருத்துவர், “புழுதி ஆகாது, புழுதிபடாமல் இருங்கள்” என்றார். “எந்தப் புழுதி?” என்று உம்மா கேட்டார். மருத்துவர் புன்னகைத்து மருந்துச் சீட்டை எழுதினார். அவ்வினா என் உள்ளத்தில் தங்கிவிட்டது. தமிழ் கற்பிக்கும் நான் அறிவியல் துறையினன் அல்லேன். எனினும் காற்றில் மிதக்கும் நுண்துகளை எவ்வாறு அளக்கின்றனர், அளந்ததைக் கொண்டு அது எங்கிருந்து வந்ததென எவ்வாறு தெளிகின்றனர் என்பனவற்றை நூல்வழியும் அறிவியல் துறை நண்பர்வழியும் கற்றறிந்தேன். கற்றதை நம் மாணாக்கர்க்கு எளிய முறையில் உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு பெயர்கள்

காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவர் தமிழர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். மழையைத் தருவது, வெம்மையைத் தருவது, குளிரைத் தருவது, இன்பத்தைத் தருவது என ஒவ்வொன்றின் இயல்பையும் வேறுவேறாக உணர்ந்தமையாலேயே வேறுவேறு பெயர் வழங்கினர். திருச்செந்தூரில் நின்று நோக்கினால் இப்பகுப்பு இன்றைய அறிவியலுக்கும் எத்துணைப் பொருத்தமானது என்பது விளங்கும்.

மேற்கே காயாமொழி, குதிரைமொழித் தேரி எனச் செம்மணற் பரப்பு விரிந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் பெய்துவிட்டு, கணவாய்களின் வழியே வறண்ட காற்றாக இறங்கி இத்தேரியின் மீது வீசுகிறது. மணல்மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதே அதன் செந்நிறத்துக்குக் காரணம். எனவே கோடைக் காற்று கொணர்வது பெரும்பாலும் மண்.

கிழக்கே மன்னார் வளைகுடா. அலை உடையும்போது நீருக்குள் அகப்பட்ட காற்று குமிழிகளாய் மேலெழுந்து வெடிக்கும். வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் நுண்ணிய நீர்த்திவலைகளைக் காற்றில் தூவும். நீர் ஆவியாக, உப்பு மட்டும் துகளாய் எஞ்சி மிதக்கும். 1950களில் ஹவாய்த் தீவுகளை ஒட்டிய கடலின் மேல் ஆல்பிரட் வுட்காக் என்னும் அறிஞர் வானூர்தியிலிருந்து சிறு கண்ணாடித் தகடுகளைக் காற்றில் நீட்டி இவ்வுப்புத் துகள்களைப் பிடித்து அளந்தார். அந்த உப்பின் ஆற்றலை அறிய நாம் ஹவாய் செல்ல வேண்டியதில்லை. திருச்செந்தூர்க் கடற்கரைக் கோயிலின் பழைய மணற்கற் கட்டுமானம் கடற்காற்றால் அரிக்கப்பட்டமையும், பின்னர்க் கருங்கல்லால் திருப்பணி செய்யப்பட்டமையும் நம் ஊரார் அறிந்தவை. கொண்டல் கொணர்வது உப்பு.

வடக்கே தூத்துக்குடி. துறைமுகமும், 1979இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையமும், தொழிற்சாலைகளும், ஓயாத சரக்குந்துப் போக்குவரத்தும் உடைய நகரம். அதனைக் கடந்து வரும் வாடைக் காற்றில் புகையின் பங்கு கூடுதலாக இருக்கும் என எதிர்பார்க்கலாம்.

தெற்கே குலசேகரன்பட்டினமும் உடன்குடியும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெயர்பெற்றது. பனை ஓலையும் விறகும் எரியும் அடுப்புகள் அங்குத் தொன்றுதொட்டு உண்டு. அப்பகுதியிலேயே 660 மெகாவாட் திறனுடைய இரண்டு அலகுகளைக் கொண்டதாக உடன்குடி அனல்மின் திட்டம் அமைகிறது. குலசேகரன்பட்டினத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. திண்ம எரிபொருள் ஏவூர்தி புறப்படும்போது அலுமினிய ஆக்சைடுத் துகளும் ஐதரசன் குளோரைடு வளியும் வெளிப்படும். ஆகவே தென்றலும் இனிப் பழைய தென்றலாக மட்டும் இராது.

நுண்மணலும் மயிர்நுனியும்

காற்றில் மிதப்பன அனைத்தும் ஒரே அளவின அல்ல. அளவே அவற்றின் தீங்கையும் உறுதி செய்கிறது. நெற்களத்தில் தூற்றும் காட்சியை நினைவுகூர்க. சுளகை உயர்த்திச் சரிக்கும்போது மணி காலடியில் விழுகிறது. பதர் சற்றுத் தள்ளி விழுகிறது. தூசியோ களத்தைவிட்டே பறந்து போகிறது. காற்றும் இவ்வாறே மண்ணைத் தூற்றுகிறது. அசைவற்ற காற்றில் 10 மைக்ரான் குறுக்களவுள்ள துகள் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 11 மீட்டர் இறங்கும். 1 மைக்ரான் துகளோ ஒரு நாள் முழுவதும் இறங்கினாலும் 3 மீட்டரே இறங்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிரின் தடிப்பு 50 முதல் 70 மைக்ரான் வரை இருக்கும்.

தமிழரின் பழைய நீட்டலளவை வாய்பாடு ஈண்டு நினைக்கத்தக்கது. எட்டு மயிர்நுனி ஒரு நுண்மணல். எட்டு நுண்மணல் ஒரு சிறுகடுகு. எட்டுச் சிறுகடுகு ஓர் எள். எட்டு எள் ஒரு நெல். எட்டு நெல் ஒரு விரல் என்பது அதன் ஒரு வடிவம். வேறு வடிவங்களில் பெயர்கள் சற்று மாறுபடும். விரலின் அகலத்தை 2 சென்டிமீட்டர் எனக் கொண்டு எட்டெட்டாக வகுத்துக்கொண்டே சென்றால் நுண்மணல் ஏறத்தாழ 5 மைக்ரானும், மயிர்நுனி 0.6 மைக்ரானும் ஆகும். கருவிகொண்டு கண்ட அளவன்று இது. மனத்தால் வகுத்துக் கண்ட அளவு. ஆயினும் இன்று உலகெங்கும் பேசப்படும் 2.5 மைக்ரான் என்னும் எல்லை, நம் முன்னோர் பெயரிட்ட நுண்மணலுக்கும் மயிர்நுனிக்கும் இடையே அமைவது சுவையானதோர் ஒற்றுமை.

10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களைப் ‘பி.எம். 10’ என்றும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டனவற்றைப் ‘பி.எம். 2.5’ என்றும் வழங்குவர். பருந்துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தடைபட்டு நின்றுவிடும். நுண்துகளோ நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லும். 1993ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆறு நகர ஆய்வு, 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து, மிகுதியாக மாசுற்ற நகரில் இறப்பு வீதம் மிகக் குறைவாக மாசுற்ற நகரைவிட 26 விழுக்காடு கூடுதலாக இருந்ததை வெளிப்படுத்தியது. அமெரிக்கா 1997இல் பி.எம். 2.5க்குத் தனித் தரம் வகுத்தது. இந்தியா 2009இல் வகுத்தது. இந்தியத் தரப்படி ஒரு கனமீட்டர்க் காற்றில் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமையும், ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராமையும் தாண்டலாகாது. பி.எம். 10க்கு இவ்வெல்லைகள் முறையே 60, 100 ஆகும். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில் பி.எம். 2.5இன் ஆண்டு அளவு 5 மட்டுமே.

தீப்புகையில் தோன்றும் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியன. கடலுப்பும் தேரிமண்ணும் பெரும்பாலும் அதனினும் பெரியன. எனவே அளவால் பிரித்தாலே மூலத்தைப் பற்றி முதற்குறிப்பு ஒன்று கிடைத்துவிடுகிறது. ஆனால் அது முற்குறிப்பேயன்றி முடிவன்று. உப்பிலும் மண்ணிலும் நுண்ணிய பகுதி உண்டு.

துகளைப் பிடித்து நிறுத்தல்

கண்ணுக்குப் புலனாகாத துகளை எண்ணும் கருவியை முதலில் செய்தவர்களுள் தலையாயவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் எய்ட்கன். 1880களில் அவர் ஈரமான காற்றை ஒரு கலத்துள் அடைத்துச் சட்டென விரியச் செய்தார். காற்றுக் குளிர்ந்தது, ஒவ்வொரு துகளின் மேலும் நீர் படிந்து திவலையாயிற்று, கோடிட்ட கண்ணாடியில் விழுந்த திவலைகளை அவர் எண்ணினார். துகளின்றி மேகமோ மூடுபனியோ தோன்றாது என்னும் உண்மையும் அவர் ஆய்வால் உலகறிந்தது.

இன்று சட்டத்தின் முன் செல்லும் அளவை, எண்ணுதல் அன்று; நிறுத்தல். அதன் முறை வருமாறு: எக்கி ஒன்று நிமிடத்துக்கு 16.67 லிட்டர் என்னும் மாறா வேகத்தில் காற்றை உறிஞ்சும். உள்ளே நுழையும் காற்று திடீரெனத் திருப்பப்படும். விரைந்து ஓடும் காளை வண்டி வளைவில் திரும்ப இயலாமல் வரப்பில் ஏறுவதுபோல், கனமான துகள்கள் காற்றோடு திரும்பமாட்டாமல் எதிரிலுள்ள தகட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும். இலேசான நுண்துகள்கள் காற்றோடு வளைந்து சென்று வடிதாளில் படியும். ஒரு நாள் முடிவில் 24 கனமீட்டர்க் காற்று வடிதாளைக் கடந்திருக்கும். வடிதாளை முன்னும் பின்னும் நிறுத்து, எடை வேற்றுமையை 24ஆல் வகுத்தால் விடை கிடைத்துவிடும்.

எளிமையாகத் தோன்றும் இக்கணக்கில் அரிய பொறுமை அடங்கியுள்ளது. காற்று இந்திய நாள்தரத்தின் விளிம்பில், அதாவது 60 மைக்ரோகிராமில் இருப்பதாகக் கொள்வோம். அப்பொழுது வடிதாளில் சேர்வது 1,440 மைக்ரோகிராம். ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. வடிதாளின் எடையோ அதைப் போல் நூறு மடங்கு. விரலால் தொட்டால் வியர்வையின் உப்பு ஒட்டும். ஆகவே இடுக்கியால்தான் எடுத்தல் வேண்டும். நிறுக்கும் முன்னர் வெப்பமும் ஈரமும் மாறாத அறையில் 24 மணி நேரம் வைத்திருத்தல் வேண்டும். நடுவு நிலைமையை உரைக்க வந்த வள்ளுவர், தான் முதலில் சமனாய் நின்று பின்னர்ப் பொருளை நிறுக்கும் துலாக்கோலை உவமையாக்கினார். நுண்தராசின் முன் அமரும் ஆய்வாளர்க்கு இதனினும் சிறந்த விதி இல்லை.

நாளுக்கு ஒரு விடை போதாது, மணிதோறும் வேண்டும் என்போர் பீட்டாக் கதிர்க் கருவியைப் பயன்படுத்துவர். நாடாவாக நகரும் வடிதாளின் ஒருபுறம் கரிமம்-14 போன்ற கதிர்மூலம் இருக்கும். மறுபுறம் உணர்கருவி இருக்கும். படிந்த துகள் கூடக்கூட ஊடுருவும் கதிர் குறையும். குறைவிலிருந்து எடை கணிக்கப்படும். மூன்றாவது முறை ஒளிச்சிதறல். சன்னல் வழியே விழும் கதிரில் தூசி மின்னுவதை நாம் காண்பதுபோலவே, சிறு லேசர்க் கதிரில் துகள் சிதறும் ஒளியைக் கருவி காண்கிறது. உள்ளங்கையில் அடங்கும் மலிவான கருவிகள் பலவும் இவ்வகையின.

ஈரம் செய்யும் மயக்கம்

கடற்கரைக்கே உரிய இடர்ப்பாடு இங்குத் தொடங்குகிறது. உப்பு ஈரம் உறிஞ்சும் என்பதை அடுக்களையில் உப்புச் சாடி வைத்திருக்கும் எவரும் அறிவர். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டதும் காய்ந்த உப்புத்துகள் நீரை ஈர்த்துக் கரைந்து திவலையாகிறது. 80 விழுக்காட்டில் அதன் குறுக்களவு ஏறத்தாழ இரு மடங்காகும். குறுக்களவு இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு என்பது பள்ளிக் கணக்கு. ஒரு முறை கரைந்த உப்பு, ஈரப்பதம் 75க்குக் கீழ் இறங்கிய உடனே மீண்டும் உறைவதில்லை. ஏறத்தாழ 45 விழுக்காடு வரை இறங்கிய பின்னரே உறையும்.

இதன் விளைவு யாது? ஈரம் மிகுந்த விடியற்காலையில் ஒளிச்சிதறல் கருவியைக் கடற்கரையில் வைத்தால், அது நீரையும் தூசியென்றே எண்ணிப் பெரிய எண்ணைக் காட்டும். வெயில் ஏறியதும் எண் தாழும். அதைக் கண்டு, ‘காலையில் மாசு, நண்பகலில் தூய்மை’ என முடிவு கட்டினால் அம்முடிவு பிழையாகும். மாறியது மாசு அன்று, ஈரம் ஆகலாம். அமெரிக்க முறையில் வடிதாளை நிறுக்கும் அறையின் ஈரப்பதம் 30 முதல் 40 விழுக்காட்டுக்குள் இருத்தல் வேண்டும் என விதித்திருப்பதன் பயன் இப்போது விளங்கும். உப்பு உறைந்து உலர்ந்த பின்னரே அங்கு அது நிறுக்கப்படுகிறது.

அப்படியாயின் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிடலாமே எனின், பல கருவிகளில் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அம்மோனியம் நைட்ரேட்டு முதலிய, எளிதில் ஆவியாகும் துகள்களும் மறைந்துவிடும். ஈரத்தை விட்டால் எண் மிகும். சூட்டை மிகுத்தால் எண் குறையும். எனவே கடற்கரையில் கருவி காட்டும் எண்ணை மட்டும் உரைப்பது அரைச் செய்தியே. எம்முறையில், எந்த ஈரப்பதத்தில் அளந்தது என்பதையும் சேர்த்து உரைத்தால்தான் அது முழுச்செய்தி.

உப்பையும் புகையையும் பிரித்தறிதல்

எடை தெரிந்துவிட்டது. இனி உம்மாவின் வினா: எந்தப் புழுதி?

இதற்குக் கடல்நீரே ஒரு திறவுகோலைத் தருகிறது. உலகின் எந்தப் பெருங்கடலில் நீர் முகந்தாலும் அதிலுள்ள முதன்மையான உப்புகளின் விகிதம் ஏறத்தாழ மாறாது. கடலுப்பின் எடையில் சோடியம் ஏறத்தாழ 31 விழுக்காடு. ஆகவே வடிதாளிலுள்ள சோடியத்தைக் கண்டு அதனை 3.25ஆல் பெருக்கினால் கடலுப்பின் எடை கிட்டும். கடல்நீரில் சல்பேட்டு, சோடியத்தின் எடையில் கால் பங்கு. அதற்கு மேல் எவ்வளவு சல்பேட்டு இருப்பினும் அதில் பெரும்பகுதி எரிபொருட் புகையிலிருந்து வந்திருக்கலாம். கடல்வாழ் நுண்ணுயிர்கள் வெளியிடும் கந்தகச் சேர்மத்திலிருந்தும் சிறிது வரும்.

விளக்கத்திற்காக மட்டும் சில எண்களைக் கற்பித்துக்கொள்வோம். பி.எம். 10 அளவு 90, அதில் சோடியம் 8, சல்பேட்டு 8. சோடியத்தை 3.25ஆல் பெருக்க, கடலுப்பு 26. சல்பேட்டில் கடலுக்குரியது 2. எஞ்சிய 6 பிறவழி வந்தது. தொண்ணூறில் இருபத்தாறு கடல் தந்தது என்றும், ஆறு மைக்ரோகிராம் சல்பேட்டுக்குப் பிற மூலம் தேட வேண்டும் என்றும் இப்போது கூறலாம். வெறும் ‘தொண்ணூறு’ என்னும் எண் இதனைக் கூறியிராது.

மற்றொரு நுட்பமும் உண்டு. கடல்நீரில் குளோரின் சோடியத்தைப் போல் 1.8 மடங்கு. தொழிற்சாலைப் புகையிலிருந்தோ வண்டிப் புகையிலிருந்தோ தோன்றிய அமிலம் உப்புத்துகளைத் தீண்டினால் குளோரின் வெளியேறிவிடும், விகிதம் குறையும். வடிதாளில் அவ்விகிதம் 1.8க்கு வெகுவாகத் தாழ்ந்திருப்பின், அந்த உப்பு புகையோடு உறவாடிய உப்பு என உணரலாம். தூய கடற்காற்று, மாசுற்ற கடற்காற்று என்னும் வேறுபாட்டை நாவு அறியாது, விகிதம் அறியும்.

கரும்புகைக்குக் கரிமமே அடையாளம். கப்பல்கள் எரிக்கும் கன எண்ணெயின் புகைக்கு வனேடியமும் நிக்கலும் அடையாளம். விறகுப் புகைக்குப் பொட்டாசியம் அடையாளம். ஆயினும் கடலிலும் பொட்டாசியம் சிறிது உண்டாதலின் அதனை முதலில் கழித்தல் வேண்டும். மண்ணுக்கு அலுமினியம், இரும்பு முதலியன அடையாளம். இங்கும் நம் நிலத்துக்குரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. புவியோட்டின் பொதுவான விகிதங்களைக் கொண்டு மண்ணின் பங்கைக் கணிப்பது உலக வழக்கு. தேரியோ குவார்ட்சு மணல் மிக்க தனிநிலம். ஆதலின் தேரி மண்ணையே எடுத்துச் சலித்து, அதன் நுண்பொடியின் இயைபைக் கண்டு, அதனை அளவுகோலாக்குதல் வேண்டும். பிறர் மண்ணுக்குச் செய்த படிக்கல்லால் நம் மண்ணை நிறுத்தலாகாது.

தூத்துக்குடி தரும் பாடம்

இவ்வளவு நுட்பமும் ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியோ என ஐயுறுவோர்க்குத் தூத்துக்குடி விடை கூறும். 2019 ஜனவரியில் நடுவண் அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் தரத்தை எட்டாத நகரங்கள் என முதலில் பட்டியலிடப்பட்ட 102 நகரங்களுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது தூத்துக்குடி ஒன்றே. சென்னையும் மதுரையும் திருச்சியும் பின்னர்ச் சேர்ந்தன. துகள் அளவைக் குறைத்தல் இத்திட்டத்தின் இலக்கு. முதலில் 20 முதல் 30 விழுக்காடு எனக் கூறப்பட்ட இலக்கு, பின்னர் 2025-26க்குள் 40 விழுக்காடு என உயர்த்தப்பட்டது.

தூத்துக்குடி உப்பளங்களின் நகரம், கடற்காற்றின் நகரம், செம்மண் காற்றின் வழியில் உள்ள நகரம். அங்கு அளக்கப்பெறும் பி.எம். 10இல் எத்துணைப் பங்கு உப்பு, எத்துணைப் பங்கு மண், எத்துணைப் பங்கு புகை? இவ்வினாவுக்கு விடையின்றி 40 விழுக்காட்டை எதிலிருந்து குறைப்பது? கடலை யாரும் குறைக்க இயலாது. சாலைப் புழுதியைக் குறைக்கலாம்; புகையைக் குறைக்கலாம். பங்கு தெரியாதவிடத்து இருவகை வழக்கு எழும். புகைவிடுவோர், ‘இஃதெல்லாம் கடலுப்பு’ என்பர். புகையால் வருந்துவோர், ‘இஃதெல்லாம் ஆலைப்புகை’ என்பர். இருவர் கூற்றையும் ஒரே எண் தாங்கி நிற்கும். நடுவர்க்கு வழி இராது.

ஐரோப்பிய ஒன்றியம் இச்சிக்கலை நேர்கொண்டது. 2008இல் அது இயற்றிய காற்றுத் தரச் சட்டம், கடல்தூவல் முதலிய இயற்கை மூலங்களின் பங்கை மெய்ப்பித்தால் அதனைக் கழித்துக் கணக்கிட இசைவளித்தது. கடலோர நாடாகிய நெதர்லாந்து இம்முறையைக் கைக்கொண்டது. ‘மெய்ப்பித்தால்’ என்னும் சொல்லிலேயே நயம் அனைத்தும் அடங்கியுள்ளது. கழித்தற்கு முன் அளத்தல் வேண்டும்.

காற்று எல்லை அறியாதது என்பதற்கு நம் கடலே சான்று. 1999ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச்சு வரை நோபல் பரிசாளர் பால் குருட்சனும் தமிழரான வீ. இராமநாதனும் தலைமை தாங்கிய இந்தியப் பெருங்கடல் ஆய்வு நடைபெற்றது. மாலத்தீவின் காசிதூ நிலையத்திலும், கப்பல்களிலும், வானூர்திகளிலும் துகள்கள் அளக்கப்பட்டன. வடகிழக்குக் காற்று வீசும் அப்பருவத்தில் தெற்காசியாவின் புகைப்படலம் இந்தியப் பெருங்கடலின் மேல் பரந்து கிடந்ததையும், அதன் பெரும்பகுதி மனிதச் செயலால் விளைந்ததையும் அவ்வாய்வு நிறுவியது. அறிஞர்கள் துகள்களின் இயைபை அறிந்தமையால்தான் அங்ஙனம் உறுதியாக உரைக்க முடிந்தது.

அளக்கும் பருவம்

திருச்செந்தூர்க் கரையில் புதிய திட்டங்கள் எழும் இந்நாளில் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு திட்டத்துக்கு முன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை அணியம் செய்யும்போது, தொடக்க நிலைக் காற்றளவு பொதுவாக ஒரு பருவத்துக்கு, அதாவது மழைக்காலம் நீங்கலான மூன்று திங்களுக்கு எடுக்கப்படுகிறது. உள்நாட்டுச் சமவெளிக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆண்டின் ஒரு பாதியில் தேரி மண்ணையும் மறு பாதியில் கடலுப்பையும் சுமந்து, காற்று திசைமாறி வீசும் நம் கரைக்கு அது பொருந்துமா? ஆடியில் அளந்தால் செம்மண் மிகும். மார்கழியில் அளந்தால் உப்பும் வடபுலப் புகையும் மிகும். எந்தப் பருவத்தை எடுக்கின்றோமோ அந்தப் பருவத்தின் முகமே அறிக்கையில் தெரியும். பின்னாளில் புகை கூடியதா, இல்லையா என்னும் வழக்கு எழும்போது ஒப்பிடுதற்கு உரிய பழைய எண் கையில் இராது. தவறவிட்ட தொடக்க அளவைப் பின்னர் எந்தச் செல்வத்தாலும் வாங்க இயலாது.

இதற்குத் தீர்வு நம் மொழியிலேயே உள்ளது. காற்றின் திசையறிந்து திறக்கும் அமைப்புடைய கருவிகள் உண்டு. கொண்டல் வீசும்போது ஒரு வடிதாளும், கோடை வீசும்போது மற்றொன்றும், வாடைக்கு ஒன்றும், தென்றலுக்கு ஒன்றும் எனக் காற்றைப் பகுத்துப் பிடிக்கலாம். ஓராண்டு முழுவதும் அவ்வாறு பிடித்து, நிறுத்து, வேதியியற் பகுப்பும் செய்துவிட்டால், நான்கு காற்றும் தத்தம் கணக்கைத் தாமே உரைக்கும். நாட்டின் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தில் ஒரு நிலையத்தில் வாரம் இருமுறையாக ஆண்டுக்கு 104 நாள் அளப்பது நெறி. அந்நாள்களோடு காற்றின் திசையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் குறித்து வைத்தாலே பெரும் பயன் விளையும்.

நம் கல்லூரி மாணாக்கர்க்கும் இதில் பங்குண்டு. இயற்பியல், வேதியியல் பயில்வோர் மலிவுக் கருவி ஒன்றைக் கூரையில் வைத்து, அருகிலேயே ஈரப்பதமானியையும் வைத்து, இரண்டின் எண்களையும் நாள்தோறும் ஒரே ஏட்டில் எழுதி வரலாம். ஈரப்பதம் 75ஐத் தாண்டிய நேரத்து எண்களை ஐயக்குறியிட்டு ஒதுக்கி வைக்கப் பழகலாம். தமிழ் பயில்வோர் அருகே நின்று, அன்று வீசியது எக்காற்று எனப் பெயர் எழுதலாம். இலக்கியத்தில் கற்ற பெயர்கள் ஆய்வேட்டில் ஏறும் நாள் நம் துறைக்கும் பெருமை தரும் நாளாகும்.

முடிவுரை

புலனால் அறிய இயலாத ஒன்றைப் பற்றி வழக்காடும்போது, அளவையே எளியோர்க்குத் துணை. கடற்காற்றின் துகளை நிறுத்தல் முதற்படி. ஈரத்தை நீக்கி நிறுத்தல் இரண்டாம் படி. உப்பு, மண், புகை எனப் பிரித்தல் மூன்றாம் படி. நான்கு காற்றுக்கும் ஓராண்டுக் கணக்கு எழுதி வைத்தல் நான்காம் படி. இந்நான்கும் நிறைவேறினால் கடலின் மேல் பழிபோட்டுப் புகை தப்பிச் செல்லாது. கடல் தந்த உப்புக்காகப் பிழைப்புத் தரும் தொழிலும் பழி சுமக்காது.

உம்மா இன்று இல்லை. அவர் துடைத்த துணியை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். செம்மை, வெண்மை, கருமை என மூலத்தைப் பகுத்துக் காட்டிய அத்துணியே எங்கள் ஊரின் முதல் வடிதாள். அதை நிறுக்க எங்களிடம் தராசு இருக்கவில்லை. இனி வரும் தாய்மார், “எந்தப் புழுதி?” என்று கேட்கும்போது, மருத்துவர் புன்னகையோடு நின்றுவிடாமல், ஏட்டைத் திறந்து விடை கூறும் நிலை வருதல் வேண்டும். அந்த ஏட்டின் முதற்பக்கத்தை எழுதும் கை நம் மாணாக்கருள் ஒருவருடையதாக அமைக!